சிவப்புப் புள்ளி வைத்த பூட்டு

அவனுக்கு ‘யோசனை’ என்று பெயர் வைத்தவன் அவனுடைய அண்ணன்தான். டீயா காபியா என்று கேட்டால், கேட்டவர் தன்னுடையதைக் குடித்து முடித்து டம்ளரைக் கழுவி வைக்கிற வரைக்கும் இவனிடமிருந்து பதில் வராது. சட்டை எடுக்கப் போனால் கடைக்காரருக்குத் தலைவலி வந்துவிடும். அண்ணன் வைத்த அந்தப் பெயர் இவனோடு லிஃப்ட் கம்பெனி வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அங்கே அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. லிஃப்ட் மெக்கானிக் யோசிக்காமல் கை வைத்தால் அப்புறம் கை இருக்காது.

அண்ணனும் அதே கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தவன். அவன் செத்து ஒரு வருஷம் ஆகிறது. அவன் சாவுக்கு யார் காரணம் என்று யோசனைக்குத் தெரியும். தெரிந்த நாளிலிருந்து பழிவாங்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறான். எரிச்சலே அதில்தான். ரோஷம் இல்லாதவனாக இருந்தால் விட்டுத் தொலைத்திருப்பான். துணிந்தவனாக இருந்தால் முடித்துத் தொலைத்திருப்பான். இவன் ரோஷத்தை மட்டும் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஒரு வருஷமாக வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தான்.

பாக்கெட்டில் என்று சொன்னது வெறும் பேச்சுக்கு இல்லை. அவன் கால்சட்டைப் பாக்கெட்டில் வெட்டுப்பட்ட ஒரு பூட்டு எப்போதும் இருந்தது.

லிஃப்ட் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்குகிறவன், முதலில் மொட்டை மாடியில் இருக்கிற மோட்டார் அறைக்குப் போய் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அணைத்த கைப்பிடியில் தன்னுடைய சொந்தப் பூட்டை மாட்ட வேண்டும். சாவி அவனிடமே இருக்கும். வேலை முடிந்து வெளியே வந்ததும் அவனே படியேறிப் போய் அவனே திறக்க வேண்டும். கூட வேலை செய்கிறவனானாலும் சரி, முதலாளியே ஆனாலும் சரி, அடுத்தவன் பூட்டைத் தொடக்கூடாது. அது அடுத்தவன் கழுத்தில் கை வைக்கிற மாதிரி.

எல்லாருக்கும் கம்பெனி கொடுத்தது ஒரே மாதிரி மஞ்சள் பூட்டு. அண்ணனுடையதில் மட்டும் அண்ணி தன் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுத்திருந்தாள். “மாறிப்போச்சுன்னா தெரியணும்ல” என்று சொல்லிவிட்டு, நகப்பூச்சு வீணாய்ப் போனதற்காக ஒரு வாரம் முணுமுணுத்தாள்.

அந்த நாளில் அண்ணன் குழிக்குள் இருக்கும்போது லிஃப்ட் ஓடியது. விசாரணையில் சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: “சுவிட்ச்ல பூட்டு எதுவும் இல்ல. ஆள் உள்ள இல்லன்னு நினைச்சுப் போட்டேன்.” பூட்டு மாட்டாமல் இறங்கியது இறந்தவனின் கவனக்குறைவு என்று முடிவாயிற்று. கம்பெனி கையைக் கழுவிக்கொண்டது.

துக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றைக்கே, ஸ்பேனர் ஒன்றைத் தேடி சூப்பர்வைசரின் பெட்டிக்குள் கை விட்டான் யோசனை. எண்ணெய்த் துணிகளுக்கு அடியில் அந்தப் பூட்டு கிடைத்தது. வளையம் வெட்டுப்பட்டிருந்தது. சிவப்புப் புள்ளி அப்படியே இருந்தது.

நடந்தது என்ன என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. லிஃப்ட் எப்போது ஓடும் என்று கட்டடத்துக்காரர்கள் கத்தியிருப்பார்கள். சூப்பர்வைசர் கட்டரை எடுத்துப் பூட்டை வெட்டி சுவிட்சைப் போட்டிருப்பார். போட்ட பிறகு கீழே ஆள் இருந்தது தெரிந்திருக்கும். அப்புறம் பூட்டை ஒளித்துவைத்துவிட்டு ஒரு பொய். யோசனை பூட்டைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அன்றைக்கே அதைக் கொண்டுபோய் விசாரணைக்காரர்களின் மேஜையில் வைத்திருந்தால் இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிடலாம்.

வைக்கவில்லை. கொடுத்தால் என்ன நடக்கும் என்று யோசித்தான். ஆளை வேறு ஊருக்கு மாற்றுவார்கள், அல்லது வீட்டுக்கு அனுப்புவார்கள். அண்ணன் உயிருக்கு அவ்வளவுதானா? அது ரொம்பக் கொஞ்சம் என்று பட்டது. சரி, அந்த ஆளைத் தன் கையாலேயே தீர்த்துவிடலாம் என்று நினைத்தால், அது ரொம்ப அதிகம் என்று பட்டது. அண்ணன் ஒன்றும் ஒழுங்கின் உருவம் இல்லை. பூட்டை மாட்டியபடியே விட்டுவிட்டு டீ குடிக்க நழுவுகிறவன்தான். இவனே கூடப் போயிருக்கிறான். சூப்பர்வைசர் அப்படி நினைத்து வெட்டியிருந்தால் அது கொலையா, அவசரமா? அவசரம் என்றால் பொய் எதற்கு? பொய்க்குத் தண்டனை உயிரா? இப்படியே பஸ்ஸில் நின்றுகொண்டு யோசிப்பான், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுவான்.

அண்ணியிடமாவது சொன்னானா என்றால் அதுவும் இல்லை. அண்ணி பல் டாக்டர் ஒருவரிடம் வேலை செய்கிறவள், யாருக்கும் பயப்படாதவள். பெரிய பெரிய ஆட்களை நாற்காலியில் அழுத்திப் பிடித்து வாயைத் திறக்க வைக்கிறவள். சொன்னால் அடுத்த நிமிஷமே செருப்பை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பிவிடுவாள். அப்புறம் தம்பி என்று ஒருவன் எதற்கு? இது தன் கையால் நடக்க வேண்டிய காரியம், எப்படி என்று மட்டும் தெளிவாகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று ஆறப்போட்டான். ஆறிக்கொண்டே இருந்தது.

இவன் சாப்பாடு அண்ணி வீட்டில்தான். சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ச் சுவரில் அண்ணனின் போட்டோ. அண்ணி காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அதன் முன்னால் நின்று ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் போவாள்.

“ஒரு பூட்டு மாட்டறதுக்கு உங்களுக்கு என்ன வலிச்சுது? வீட்டுப் பூட்டை மட்டும் மூணு தடவை இழுத்து இழுத்துப் பார்ப்பீங்களே. அங்க என்ன அவ்வளவு அவசரம்? எங்களை நினைச்சீங்களா?”

கோபம் அதிகமான நாட்களில் போட்டோவைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டிவிடுவாள். மாலையில் வந்து நேராக்குவாள். யோசனை தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். தொண்டை வரைக்கும் வரும். மென்று முழுங்கிவிடுவான்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த வீட்டுக்கு அடிக்கடி வருகிற ஒரே விருந்தாளி சூப்பர்வைசர். குழாய் ஒழுகினால் அவர் வந்து வாஷர் மாற்றுவார். மிக்ஸி ஓடாவிட்டால் பிரித்துப் போட்டுச் சரிசெய்வார். வேலை முடிந்ததும் அண்ணன் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, போட்டோவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடிப்பார். தன் பெட்டியிலிருந்து பூட்டு காணாமல் போனது அவருக்குத் தெரியாமல் இருக்காது. எடுத்தவன் யார் என்றும் ஊகித்திருப்பார். அதனாலேயே யோசனையிடம் அவர் குரல் ஒரு வருஷமாகப் பஞ்சு மாதிரி இருந்தது. “தம்பி, சாப்டியா?” என்பார். “ம்” என்பான். இதுதான் பழிவாங்கப் புறப்பட்டவனும் பழிக்கு உரியவனும் பேசிக்கொண்ட பேச்சு.

“சூப்பர்வைசர் சார் நல்ல மனுஷன் தம்பி” என்று அண்ணி ஒருநாள் சொன்னாள். “வேற யாரு வந்து எட்டிப் பார்த்தாங்க, சொல்லு.”

அன்றைக்கு இவன் சாப்பிடாமல் எழுந்துவிட்டான். ஏன் என்று அண்ணி கேட்டாள். பசியில்லை என்றான். அதோடு சரி.

பிறகு ஒரு நாள் வந்தது. பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் கரகரவென்று சத்தம் போடுகிறது என்று அழைத்தார்கள். மெக்கானிக் ஒருவன் வரவில்லை. சூப்பர்வைசர் தானே குழிக்குள் இறங்குகிறேன் என்றார். கீழ்த்தளத்துக் கதவருகே ரேடியோ நின்றான். எப்போது பார்த்தாலும் பேசிக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர் பெற்ற மெக்கானிக் அவன். மாடியில் மோட்டார் அறையில் யோசனை. பழைய கம்பிவடத்தைத் துண்டுபோடுவதற்காகக் கம்பெனியின் பெரிய கட்டரும் அங்கே கிடந்தது. சூப்பர்வைசர் மூச்சு வாங்கப் படியேறி வந்து, சுவிட்சை அணைத்து, தன் பூட்டை மாட்டி, இழுத்துப் பார்த்தார்.

“பார்த்துக்கோ தம்பி” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மோட்டார் அறைத் தரையில் கம்பிவடங்கள் இறங்குகிற ஓட்டைகள் இருக்கும். அவற்றின் வழியாகக் குழியில் நடக்கிற சத்தம் மேலே வரும். சூப்பர்வைசர் இருமுவது கேட்டது. சுத்தியலால் எதையோ தட்டுவது கேட்டது. அப்புறம் அவர் ரேடியோவிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்புதான் யோசனையைக் கெடுத்தது. அண்ணனை எடுத்த குழி மாதிரியே இன்னொரு குழிக்குள் நின்றுகொண்டு இந்த ஆளுக்குச் சிரிக்க எப்படி வருகிறது?

கட்டரை எடுத்தான். பூட்டின் வளையத்தில் வைத்து அழுத்தினான். டக்கென்று வெட்டிக்கொண்டது. அவன் வாழ்க்கையில் யோசிக்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான்.

கட்டரைத் தரையில் போட்டு, வெட்டுப்பட்ட பூட்டை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, மறு கையைக் கைப்பிடியில் வைத்தான். ஒரு இழுப்பு போதும். லிஃப்ட் கூண்டு மேல்தளம் ஒன்றில் நின்றிருந்தது. கீழே இருக்கிறவர்கள் பொத்தானை அழுத்திக்கொண்டேதான் இருப்பார்கள். ஒரு இழுப்பு.

இருமல் சத்தம் மறுபடி வந்தது. வழக்கமான யோசனையும் கூடவே வந்துவிட்டது. அண்ணன் கூட அப்படித்தான் கீழே நின்று இருமியிருப்பான். இப்போது இழுத்தால் நான் யார்? பூட்டை வெட்டிச் சுவிட்சைப் போடுகிறவர் ஒருவர் இருக்கிறார். நான் இரண்டாவது ஆளா? அவராவது ஆள் இல்லை என்று நினைத்துப் போட்டார். நான் ஆள் இருப்பது தெரிந்து போடுகிறேனே. இழுக்காவிட்டால்? நாளைக்கு மறுபடி அந்த நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிப்பார். உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தான். மறுபடி எடுத்தான். தன் மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

“இன்னும் எவ்வளவு நேரம்பா ஆக்குவீங்க?”

திரும்பினால் கட்டடத்து மேனேஜர். படியேறி வந்ததில் முகமெல்லாம் வியர்வை. “கீழ எல்லாரும் என்னைப் பிடுங்கி எடுக்கறாங்க. சும்மாதானே நிக்கற? போட்டு விடு” என்று சொல்லிக்கொண்டே அவரே சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார்.

யோசனை அவர் கையைத் தட்டிவிட்டான். இடுப்பில் தொங்கிய தன் பூட்டை எடுத்துக் கைப்பிடியில் மாட்டி அழுத்தினான். “கீழ ஆள் இருக்கு சார்” என்றான். மேனேஜர் இவனையும், தரையில் கிடந்த கட்டரையும், இவன் கையில் இருந்த வெட்டுப்பட்ட பூட்டையும் பார்த்தார். ஒன்றும் புரியாமல் முனகிக்கொண்டே இறங்கிப் போனார்.

கொல்ல வந்தவன் காப்பாற்றிவிட்டு நின்றான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சூப்பர்வைசரின் பூட்டைத் தூக்கி எறிந்துவிடலாம், அல்லது ஆளை மேலே வரவிட்டு முகத்துக்கு நேராகக் கேட்டுவிடலாம். எது சரி என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே செருப்புச் சத்தம் படியேறி வந்துவிட்டது.

சூப்பர்வைசர் சாவியைப் பூட்டில் நுழைத்தார். சாவி திரும்பவில்லை. குனிந்து பார்த்தார்.

“இது யார் பூட்டு?”

“என்னோடது.”

“என்னோடது எங்க?”

யோசனை கையை விரித்துக் காட்டினான். அவர் அதைப் பார்த்தார். கட்டரைப் பார்த்தார். மோட்டார் மேடையின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார். முகம் பேயறைந்தது மாதிரி ஆகிவிட்டது.

“போட்டிருக்கலாமே” என்றார் மெதுவாக. “ஏன் போடல?”

“நீங்க போட்டீங்களே. ஏன் போட்டீங்க?”

அவர் கையிலிருந்த சாவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “டீ குடிக்கப் போயிட்டான்னு நினைச்சேன் தம்பி. எத்தனையோ தடவை போயிருக்கான். சத்தியமா உள்ள இல்லன்னுதான் வெட்டினேன். அப்புறம் வேலை போயிடுமேன்னு... எனக்கும் குடும்பம் இருக்கு. ஒரு வருஷமா நான் ஒழுங்கா தூங்கல.”

ஒரு வருஷமாகக் கேட்க வேண்டும் என்று காத்திருந்த வார்த்தை. கேட்டதும் மனம் குளிரும் என்று யோசனை நினைத்திருந்தான். எதிரில் வியர்த்துப்போன ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். “இதை எல்லார் முன்னாடியும் சொல்லுங்க” என்று சொல்ல வாயெடுத்தான். இப்போதே கேட்கலாமா, கொஞ்சம் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்கலாமா?

அதற்குள் ரேடியோ வந்துவிட்டான், பின்னாலேயே மேனேஜரும். “என்ன சார், மேல போனவர் போனவர்தான், லிஃப்டை எப்ப...” என்று ஆரம்பித்த ரேடியோ கட்டரையும் பூட்டையும் பார்த்து, பிறந்ததிலிருந்து முதல்முறையாகப் பாதி வாக்கியத்தில் நின்றான்.

சூப்பர்வைசரின் முகம் மூடிக்கொண்டதை யோசனை கண்ணெதிரில் பார்த்தான். கடை ஷட்டரை இறக்குகிற மாதிரி.

“நான் கீழ இருக்கும்போது என் பூட்டை வெட்டியிருக்கான்” என்றார் சூப்பர்வைசர்.

“நான் வந்தப்போ சுவிட்ச்ல பூட்டே இல்ல” என்றார் மேனேஜர். “இந்த ஆள் கையிலதான் அது இருந்துச்சு. என்னைப் பார்த்ததும் அவசரமா வேற ஒண்ணை மாட்டினான்.” அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அப்போதுதான் யோசனை பாக்கெட்டுக்குள் கை விட்டான். ஒரு வருஷமாக எடுக்காததை எடுத்தான். “இது எங்க அண்ணன் பூட்டு. இவர் பெட்டியிலதான் கிடந்துச்சு. இதை வெட்டினது இவர். இப்ப என்கிட்ட ஒத்துக்கிட்டார். சொல்லுங்க சார், சொல்லுங்க.”

சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார். ரேடியோ இரண்டு பூட்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அவன் கெட்டவன் இல்லை. அண்ணனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். கம்பெனி கட்டரின் வாயில் ஒரு ஓரம் உடைந்திருக்கும், அதனால் வெட்டினால் ஒரு பிசிறு நிற்கும். “ரெண்டுலயும் அதே பிசிறு இருக்கு” என்றான். அப்புறம் யோசனையை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வை கேட்டது என்ன என்று யோசனைக்குப் புரிந்தது.

“சொந்த அண்ணனோட பூட்டையாடா?” என்றான் ரேடியோ.

கையும் களவுமாகப் பிடிபட்டவன் சொல்கிற உண்மையை யார் நம்புவார்கள்? கத்தினான், சூப்பர்வைசரின் சட்டையைப் பிடித்தான், ரேடியோ இழுத்து விலக்கினான். அதுவும் அவனுக்கு எதிராகத்தான் போனது. இனி கம்பெனிப் பக்கம் வராதே, மற்றதை மேலிடம் பார்த்துக்கொள்ளும் என்று அனுப்பிவிட்டார்கள். அண்ணனின் பூட்டை மட்டும் ரேடியோ கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தான்.

ரேடியோ இருக்கும்போது செய்தி நடந்தா போகும்? யோசனை போய்ச் சேர்வதற்குள் அண்ணிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. டாக்டரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தாள். வாசலிலேயே நின்றாள், வேலைக்குப் போட்ட வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல்.

“காட்டு” என்றாள்.

கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினான். அவளே வாங்கிக்கொண்டாள். சிவப்புப் புள்ளியை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

“நான் வெட்டல அண்ணி. சத்தியமா அவர்தான். என்கிட்ட ஒத்துக்கிட்டார், மத்தவங்க வந்ததும் மாத்திட்டார்.”

“தெரியும்” என்றாள். “நீ வெட்டியிருக்க மாட்டே. அதுக்கும் ஒரு முடிவு எடுக்கணுமே.”

அவள் நம்பிவிட்டாள் என்றதும் யோசனைக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஒரு வருஷத்துப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அது அவன் அவசரம்.

“இது எப்பலேருந்து உன்கிட்ட இருக்கு?”

“துக்கம் முடிஞ்சு வேலைக்குப் போனேனே அண்ணி, அன்னிலேருந்து.”

“அன்னிலேருந்து.” அவள் அதைத் திரும்பச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அப்ப அவர் பூட்டு மாட்டிட்டுத்தான் இறங்கினார்.”

“ஆமா அண்ணி.”

“நான் தினமும் அவரைத் திட்டிட்டுத்தான் வேலைக்குப் போனேன். பூட்டக் கூடத் தெரியாதவர்னு திட்டினேன். எங்களை நினைக்கலைன்னு திட்டினேன். நீ அந்த மேஜையில உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தே. இதைப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டு.”

“பழிவாங்கணும்னுதான் அண்ணி... சரியான நேரம் பார்த்து...”

“யாரு கேட்டா உன்கிட்ட பழி?” என்றாள். “எனக்கு இது ஒண்ணு போதுமே. இதைக் காட்டியிருந்தா நான் அவருக்காக ஒழுங்கா அழுதிருப்பேனே.”

நாளைக்கு இதை எடுத்துக்கொண்டு அவளே கம்பெனிக்குப் போகப்போவதாகச் சொன்னாள். யாரும் நம்ப மாட்டார்கள் என்று இவன் முணுமுணுத்தான்.

“போன வருஷம் நம்பியிருப்பாங்க” என்றாள் அண்ணி.

அவன் பக்கம் திரும்பாமல் உள்ளே போனாள். இவ்வளவு பேச்சிலும் அவள் ஒரு தடவைகூடத் தம்பி என்று கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. திறந்த கதவு வழியாகச் சாப்பாட்டு மேஜை தெரிந்தது. காலையில் என்ன கோபமோ, போட்டோ சுவரைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணி அதை மெதுவாக நேராகத் திருப்பினாள். கோட்டின் நுனியால் கண்ணாடியைத் துடைத்தாள். பூட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அப்படியே அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

கதவு திறந்தேதான் இருந்தது. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உள்ளே போய் அவள் காலில் விழலாமா, இப்படியே கிளம்பிவிடலாமா என்று யோசனை வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தான்.